தண்ணிக்குள்ளே போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு

அந்தமான் என்றதும் நம்ம ஊரில் முதலில் ஞாபகம் வருவது செல்லுலார் ஜெயில்தான். காலேஜ் பசங்களுக்கு மட்டும் இப்போதெல்லாம் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. நீலத் தண்ணீர், முதுகில் சிலிண்டர், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் காட்டிக்கொண்டு மிதக்கிற ஃபோட்டோ. வகுப்பில் ஒருத்தன் இப்படி ஒரு ஃபோட்டோவைக் காட்டிவிட்டால் போதும், அடுத்த லீவுக்குள் நாலு பேர் கிளம்பிவிடுகிறார்கள்.

எந்த இடத்தில் முங்கினாய், கூட்டிக்கொண்டு போனவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. லாட்ஜ்காரர் சொன்னார், ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார், பணம் கட்டினோம், முங்கினோம், வந்தோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆவதில்லை என்பதால்தான் யாரும் எதுவும் கேட்பதும் இல்லை.

இங்கே வரப்போகிறவர்கள் மூன்று பேர். பி.காம். கடைசி வருஷம். பெயர் வேண்டாம். ஒருவன் தூத்துக்குடிக்காரன். ஒருவன் டீக்கடை பில்லுக்குக்கூட எக்செல் திறக்கிற ஆள், அதனால் வகுப்பில் அவன் பெயர் ஆடிட்டர். மூன்றாவது ஆள் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல நிற இன்ஹேலர் இருக்கும். இந்தப் பயணத்தில் உண்மையான சிக்கல் அவனுடையதுதான். அது பின்னால்.

எங்கே போவது என்பது சீக்கிரமே முடிவாகிவிட்டது. மாலத்தீவு என்று ஒருவன் ஆரம்பித்தான், கணக்குப் போட்டதும் அடங்கிவிட்டான். தாய்லாந்தில் கோ தாவோ என்று ஒரு குட்டித் தீவு, உலகம் முழுக்க இருந்து டைவிங் கற்க அங்கே கூட்டம் போகிறது, கோர்ஸும் மலிவு. ஆனால் மூன்று பேரில் ஒருவனிடம்தான் பாஸ்போர்ட் இருந்தது. மிச்சம் அந்தமான். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. போர்ட் பிளேரில் இறங்கி (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) அங்கிருந்து படகில் ஹேவ்லாக். அதற்கும் 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தாகிவிட்டது, ஆனால் டைவிங் கடைக்காரர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

எப்போது போவது என்பதில்தான் முதல் சண்டை. டிசம்பர் லீவு என்றான் ஆடிட்டர். அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே கடைசியிலிருந்து தென்மேற்கு வெளுத்து வாங்கும், அது நின்று மூச்சு விடுவதற்குள் வடகிழக்குக் காற்று. டிசம்பரில் டூரிஸ்ட் கூட்டம் அலைமோதும், விலையும் ஏறும், காற்றடித்தால் தண்ணீர் கலங்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி கிடக்கும். கடைசி செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலிலேயே கிளம்புவது என்று முடிவானது. வெயில் கொளுத்தும்தான். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு வெயில் எதற்கு?

இன்னொரு விஷயத்தைத் தூத்துக்குடிக்காரன் சொன்னான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அதனால் நீரோட்டமும் வேகமாக இருக்கும். கடற்கரை ஊர்களில் இதை நீவாடு என்பார்கள், எந்தப் பக்கம் நீவாடு என்று தெரியாமல் யாரும் வலை போடுவதில்லை. ஓட்டம் குறைவாக இருப்பது பிறை பாதியாகத் தெரிகிற நாட்களில். அதாவது அஷ்டமி, நவமி. நம்ம வீடுகளில் எந்த நாளில் வெளியூர் கிளம்பவே விடமாட்டார்களோ அந்த நாள்தான் புதிதாக முங்குகிறவனுக்கு நல்ல நாள் :-) காலண்டரைக் கிழித்துப் பார்த்து அஷ்டமி நடுவில் வருகிற மாதிரி தேதி குறித்தார்கள். வீட்டில் சொல்லவில்லை.

சரி, இப்போது கடைகள். விஷயமே இங்கேதான்.

ஆடிட்டரின் எக்செல்லில் ஒன்பது கடைகள் இருந்தன. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். தகுதி பெற்ற இன்ஸ்ட்ரக்டர், இறக்குமதி செய்த உபகரணம், ஃபோட்டோ வீடியோ இலவசம். விலையில் மட்டும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம். சாதாரணமாக யாரும் என்ன செய்வார்கள்? சொல்வது ஒன்றாக இருந்தால் விலை குறைந்தவனிடம் போவார்கள். ஆடிட்டரும் அதைத்தான் சொன்னான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் ஞாபகம் வர வேண்டும். ஜார்ஜ் அகர்லாஃப். 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், 2001-இல் நோபல் பரிசு வாங்கினார். விஷயம் எளிது. விற்கிறவனுக்கு வண்டி ஓட்டையா நல்லதா என்று தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் அவன் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான், விலகிக்கொள்வான். கடைசியில் சந்தையில் ஓட்டைகள் மட்டும் நிற்கும்.

டைவிங் இதைவிட மோசம். பழைய காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். முதல்முறை முங்குகிறவனுக்கு நல்ல ரெகுலேட்டர் எது, சர்வீஸ் பார்க்காத ரெகுலேட்டர் எது என்று எப்படித் தெரியும்? சிலிண்டரில் காற்றடைக்கிற கம்ப்ரஸருக்கு ஃபில்டர் மாற்றினார்களா என்பது தெரியாது. இன்ஸ்ட்ரக்டருக்கு அன்றைக்கு அது இரண்டாவது டைவா ஐந்தாவதா என்பதும் தெரியாது. படகு, கம்ப்ரஸர், உபகரணம் எல்லாம் நிலையான செலவு, அதில் கை வைக்க முடியாது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைக்க வேண்டும். சர்வீஸைத் தள்ளிப்போடலாம், ஒரு இன்ஸ்ட்ரக்டர் தலையில் இன்னும் இரண்டு பேரைக் கட்டலாம். ஃபோட்டோ மட்டும் எல்லாக் கடையிலும் இலவசம், கவனித்தீர்களா? ஃபோட்டோ கண்ணுக்குத் தெரியும்.

கடை வாசலில் தொங்குகிற நட்சத்திரப் பலகையும் அப்படித்தான். பி.ஏ.டி.ஐ. என்பது 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சி அமைப்பு. எஸ்.எஸ்.ஐ. என்று 1970-இல் தொடங்கிய இன்னொன்று. இரண்டில் எதில் கற்றாலும் உலகம் முழுக்கச் செல்லும், அதில் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் '5 ஸ்டார்' என்று போட்டிருப்பது அந்த அமைப்பு தன் உறுப்பினர் கடைக்குக் கொடுக்கிற தகுதி. வெளியாள் வந்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்துக் கொடுத்த தணிக்கை அறிக்கை இல்லை. உதவாது என்று அர்த்தமில்லை, அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், கடை பேரைவிட ஆள் முக்கியம். தீவில் இன்ஸ்ட்ரக்டர்கள் சீசனுக்கு சீசன் மாறுகிறார்கள். போன வருஷம் சீனியர் புகழ்ந்த கடையில் இந்த வருஷம் அந்த இன்ஸ்ட்ரக்டரே இல்லாமல் போகலாம். எங்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார், அவருடைய உறுப்பினர் எண் என்ன என்று கேட்டால் நல்ல கடை தயங்காமல் சொல்லும். அந்த எண்ணை அமைப்பிடமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'பாதுகாப்பா இருக்குமா சார்?' என்று கேட்டால் உலகத்தில் எவனும் 'இருக்காது' என்று சொல்ல மாட்டான். ஆமாம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி கேட்க வேண்டும். ஒரு இன்ஸ்ட்ரக்டருடன் எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் யார்? யாருக்காவது டீகம்ப்ரஷன் பிரச்சினை வந்தால் அழுத்த அறை எங்கே இருக்கிறது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? ஹேவ்லாக்கில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரிதான், பெரிய சிகிச்சைக்குக் கடல் தாண்டி போர்ட் பிளேர் போயாக வேண்டும். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒன்பது கடையில் நாலு பேர் 'அப்படியெல்லாம் நடந்ததே இல்ல சார்' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அது பதிலே இல்லை.

தலை எண்ணுவது எப்படி என்பதையும் கேட்கச் சொல்வார்கள். சில்லறை விஷயமாகத் தெரியும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம் லோனர்கன், ஐலீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதி தண்ணீருக்குள் இருக்கும்போதே படகு கிளம்பிப் போய்விட்டது. எண்ணிக்கையில் தவறு. அவர்களுடைய பை படகிலேயே கிடந்ததை வைத்து விஷயம் தெரியவந்தபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. உடல்கள் கிடைக்கவே இல்லை. தலையை எண்ணுவதைவிடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் குரல் கொடுத்த பிறகு டிக் அடிப்பது நல்லது. ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி. ப்ராக்ஸி மட்டும் கூடாது.

இந்த எக்செல் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தூத்துக்குடிக்காரன் ஒருநாள் ராத்திரி மெஸ்ஸில் அவன் பாட்டி சொன்ன கதையைச் சொன்னான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கவும் சங்கு குளிக்கவும் போன காலத்தில் சிலிண்டர் ஏது, மாஸ்க் ஏது? இடுப்பில் ஒரு கயிறு. கீழே போனவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுத்துத் தூக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஆள் காலி. அந்தக் கயிற்றைப் பிடிக்க அண்ணன் தம்பியைக்கூட விடமாட்டார்களாம். மச்சானைத்தான் விடுவார்களாம், பொண்டாட்டியின் கூடப் பிறந்தவனை. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சானுக்கு? தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாது என்கிற ஒரே கவலைதான்.

அகர்லாஃப் ஒரு கட்டுரை முழுக்கச் சொன்னதற்குக் கடற்கரைக்காரர்கள் கண்டுபிடித்த மாற்று இது. கயிறு பிடிப்பவன் நல்லவனா என்று ஆராயாதே, உன் உயிர் போனால் அவனுக்கும் நஷ்டம் வருமா என்று பார். டைவிங் கடையில் மச்சான் கிடைக்க மாட்டான். ஆனால் 'தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி பயமா இருந்தா திரும்பிடலாமா, பணம் வாபஸ் கிடைக்குமா' என்று கேட்டுப் பார்க்கலாம். வாபஸ் என்றால், உன்னைத் தள்ளிவிடுவதில் அவருக்குத் தனி லாபம் இல்லை. கிடையாது என்றால், நீ இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது அவருக்குக் காசு. ஆட்டோக்காரருக்குக் கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்கிற கடைக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கேள்வியால் ஒன்பது மூன்றாகச் சுருங்கியது. மூன்றை ஒன்றாக்கியது இன்ஹேலர்.

எந்த நல்ல கடையிலும் முதலில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். இப்போது புழக்கத்தில் இருப்பது 2020-இல் திருத்தி எழுதியது. பத்துக் கேள்வி. நுரையீரல், இதயம், காது, வலிப்பு என்று போகும். சிலவற்றுக்கு ஆம் என்றால் நேராக டாக்டர், சிலவற்றுக்கு ஆம் என்றால் துணைக் கேள்விகள். ஆஸ்துமா பற்றிய துணைக் கேள்வி நியாயமாகத்தான் கேட்கிறது: கடந்த 12 மாதத்தில் ஆஸ்துமாவோ வீசிங்கோ வந்து, ஓடியாடுவதைக் குறைக்கும்படி ஆனதா? சின்ன வயதில் எப்போதோ இருந்தது என்றால் பரவாயில்லை. ஆனால் இவனுக்கு டிசம்பரில் இரண்டு முறை நெபுலைசர் வைத்தார்கள், ஒரு மாதம் கிரிக்கெட் பக்கமே போகவில்லை. பதில் ஆம்தான். வேறு மாதிரி டிக் அடிக்க வழியே இல்லை.

வழி இருக்கிறது என்றார் ஒரு கடைக்காரர், ஃபோனில். மலிவான கடை. தமிழ்க்காரர், அன்பாகத்தான் பேசினார். "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி தம்பி. எல்லாத்துலயும் 'நோ' போட்டுருங்க. வெறும் பத்து மீட்டர்தானே போறோம், ஒண்ணும் ஆகாது."

இந்த 'வெறும் பத்து மீட்டர்' எவ்வளவு தப்பு என்று தெரிய பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். ராபர்ட் பாயில் 1662-இல் சொன்னது. அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும். கடல் மட்டத்தில் ஒரு மடங்கு அழுத்தம், 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கு, 20-இல் மூன்று, 30-இல் நான்கு. 30-லிருந்து 20-க்கு ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் 10-லிருந்து மேலே வந்தால் அப்படியே இரண்டு மடங்காகும். ஆகவே ஆபத்தான பத்து மீட்டர் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வந்தால் கூடுகிற காற்று வெளியே போய்விடும். டைவிங்கில் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். ஆஸ்துமாக்காரன் மூச்சைப் பிடிக்கவே வேண்டாம், சுருங்கிப்போன மூச்சுக்குழாய் அவனைக் கேட்காமலே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழி இல்லாத காற்று நுரையீரலைக் கிழித்துக்கொண்டு ரத்தத்தில் கலக்கலாம், மூளைக்குப் போகலாம். சிலிண்டர் காற்று வேறு குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் இருக்கும். வீசிங் கிளப்ப அது போதும்.

இன்னொரு கடையில் கேட்டதற்கு, ஃபோனில் பதிலே சொல்லவில்லை. படிவத்தை அனுப்பி, "ஆம் வந்தால் டாக்டர் கையெழுத்தை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள், கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டோம், டாக்டர் முடியாது என்றால் முன்பணம் திருப்பித் தருவோம்" என்று எழுதியிருந்தார்கள். ஆயிரங்கள் அதிகம் கேட்ட கடை அது.

மூன்று பேருக்குள் நடந்ததுதான் வேடிக்கை. அக்கவுண்ட்ஸில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்காத ஆடிட்டர், "மச்சான், 'நோ' போட்டுடுடா, நாங்க பக்கத்துல இருப்போம்ல" என்றான். மூன்று பேர் சேர்ந்தால் தள்ளுபடி, விமான டிக்கெட் வேறு போட்டாகிவிட்டது. தூத்துக்குடிக்காரன் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

நெஞ்சக மருத்துவரிடம் போனார்கள். ஊதச் சொன்னார், அளந்தார். படி ஏறி இறங்கி ஓடச் சொல்லிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். இரண்டாவது தடவை அளவு நன்றாகக் குறைந்திருந்தது. "இப்ப வேண்டாம்ப்பா. மருந்தை ஒழுங்கா எடு, அடுத்த வருஷம் வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். வெறும் பத்து மீட்டர்தான் டாக்டர் என்று இவன் ஆரம்பித்தான். அவர் ஒரு காகிதத்தில் பலூன் படம் போட்டுக் கையில் கொடுத்தார். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேலே மிதந்து பார்க்கிற ஸ்நார்கலிங் மட்டும், அதுவும் இன்ஹேலரைப் படகில் வைத்துக்கொண்டு, செய்யலாம் என்றார்.

மூன்று வருஷமாக மூன்று பேரும் போட்ட திட்டம் அது. ட்யூஷன் எடுத்து, கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. அவன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆடிட்டர் கணக்குப் பார்க்கும்போது ஆயிரம் ரூபாய் இடித்தது. கேட்டால், மலிவுக் கடைக்கு முன்பணம் போயிருக்கிறது. இவர்கள் இருவரும் கோர்ஸில் இருக்கும் ஒரு காலையில் தனியாகப் போய் 'நோ' போட்டு முங்கிவிட்டு வந்துவிடுவது என்று ஏற்பாடு.

ஆடிட்டர் கத்தினான். தூத்துக்குடிக்காரன் கத்தவில்லை. "சரி போ. ஆனா நீ எந்தப் படகுல ஏறுறியோ அதுலதான் நானும் ஏறுவேன். என் கோர்ஸ் காசு போனா போகட்டும்" என்றான். சொன்னால் செய்கிற ஆள். அரை மணி நேரம் கழித்து ஃபோன் போட்டு ரத்து செய்தான். ஆயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை. 'முன்பணம் வாபஸ் இல்லை' என்று ரசீதில் பொடி எழுத்தில் இருந்ததாம்.

இனி இடங்கள். இதில் கடைகளைவிடக் குழப்பம் குறைவு, ஆசைதான் அதிகம்.

ஆடிட்டர் வீடியோ பார்த்துவிட்டு டிக்சன்ஸ் பினாக்கிள் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஹேவ்லாக்கைச் சுற்றியுள்ள பேர்போன இடங்களில் அது ஒன்று. ஜானிஸ் கோர்ஜ் இன்னொன்று. டிக்சன், ஜானி என்பதெல்லாம் அங்கேயே டைவிங் தொழில் செய்த கரேன் இனத்து ஆட்களின் பெயர்கள். 1925-இல் பர்மாவிலிருந்து அந்தமானில் குடியேறியவர்களின் வாரிசுகள். வெளிநாட்டு மாலுமிகள் பெயர் இல்லை என்பதே ஒரு நல்ல விஷயம். மீன் கூட்டம் திரளாக இருக்கும், பாறை கடலுக்கடியிலிருந்து எழும்பி நிற்கும். எல்லாம் சரி. ஆனால் ஆழம் 30 மீட்டர் வரை போகும், திறந்த கடல், நீரோட்டம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. புதிதாக ஓபன் வாட்டர் முடித்தவனுக்கு எல்லை 18 மீட்டர். 30-க்கு அடுத்த படியான அட்வான்ஸ்டு வேண்டும். சும்மா ஒருநாள் முங்கிப் பார்க்கிறவனுக்கு 12 தான். மலிவுக் கடையில் கேட்டபோது, "அதுக்கென்ன, கூட்டிட்டுப் போறோம்" என்றிருந்தார்கள். புதியவனை டிக்சன்ஸுக்குக் கூட்டிப்போக உடனே சம்மதிக்கிற கடை என்றால், அந்த ஒரு பதிலை வைத்தே பட்டியலில் இருந்து அடித்துவிடலாம்.

'தி வால்' என்று ஒன்று, படகுத்துறைக்குப் பக்கத்திலேயே. ஆழமில்லாத இடத்திலேயே தொடங்குவதால் 18 மீட்டருக்குள் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். ஆனால் சுவர் கீழே 50 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. புதியவனுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறோம் என்பதே பிடிபடாது, மிதப்பைச் சரிசெய்யத் தெரியாமல் கல் மாதிரி இறங்குவான், இல்லை பலூன் மாதிரி ஏறுவான். மணல் தரை இருந்தால் அந்தத் தரையே நிறுத்திவிடும். சுவரில் நிறுத்த ஒன்றும் இல்லை. முதல் சில டைவுக்குத் தரை உள்ள இடமே நல்லது. நெமோ ரீஃப், அக்வேரியம், லைட்ஹவுஸ் போன்ற இடங்களில் பயிற்சி நடப்பது இதனால்தான். ஆரம்பக்காரர்களை ஏமாற்றுவதற்காக இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பவளம் விளம்பரத்தில் வருகிற கலரில் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். 2010 ஏப்ரல், மே மாதங்களில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஆழமில்லாத இடங்களுக்கு அடி பலம். 2016-இல் மறுபடியும். மீன் நிறையவே இருக்கும், பவளம் சில இடங்களில் உடைந்த செங்கல் குவியல் மாதிரி கிடக்கும், நடுவில் புதிதாகத் துளிர்த்திருக்கும். அதை உதைக்காமல் இருந்தால் போதும்.

எந்த நாளில் எந்த இடம் என்பதைப் பயணத்துக்கு முன்பே எழுதித் தருகிற கடையைவிட, காலையில் கடலைப் பார்த்துச் சொல்கிறோம் என்கிற கடை மேல். அந்தமானில் கடிகாரம் நம்ம ஊருடையது, சூரியன் பர்மாவுடையது. ஏப்ரலில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஆறரை ஏழுக்கெல்லாம் படகு.

போனார்கள். தியரியை ஊரிலேயே படித்து முடித்திருந்ததால் தீவில் ஒருநாள் மிச்சம். இன்ஸ்ட்ரக்டருக்குத் தமிழ் தெரியாது, இந்தியும் இங்கிலீஷும்தான், ஆனால் ஒவ்வொரு சைகையையும் திரும்பச் செய்து காட்டச் சொல்லி, செய்த பிறகே இறக்கினார். அப்படியும் ஆடிட்டர் முதல் ஆமையைப் பார்த்த குஷியில் கட்டை விரலைத் தூக்கி 'சூப்பர்' என்று காட்டிவிட்டான். தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகணும்' என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் கேள்வி கேட்காமல் அவனை மெதுவாக மேலே கொண்டுவந்துவிட்டார். ஆமை போய்விட்டது.

மூன்றாவது ஆள் இரண்டு நாளும் படகிலேயே இருந்தான். காலையில் அரை மணி நேரம் மிதந்து மீன் பார்ப்பான், மற்ற நேரம் படகுக்காரருடன் பேச்சு. தண்ணீர் மேல் வெடிக்கிற குமிழிகளைப் பார்த்தே எந்தக் கும்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார் அவர். இரண்டாம் நாள் பெயர்ப் பட்டியலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பதினோரு பேர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். தூத்துக்குடிக்காரன் துடுப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்லாமல் இருக்க, முகத்தைப் பார்த்த பிறகும் டிக் அடிக்காமல், குரல் வரும்வரை நின்றான்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற. அதனால் கடைசி நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் ஜெயில் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் ஆடிட்டர் எக்செல்லை மூடப் போனான், வேண்டாம் என்றான் இன்ஹேலர்காரன். ஒன்பது கடைக்குப் பக்கத்தில் இன்னொரு காலம் சேர்த்து அடுத்த வருஷத்து அஷ்டமி தேதிகளைப் போட்டிருக்கிறான். டாக்டரிடம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் மார்ச்சில்.